1970 ஷெவெல் பின் அச்சு: 3.31-ஐ விட்டு 4.10-க்குப் போகலாமா?

கேள்வி சுருக்கமாக இது. 1970 ஷெவெல் எஸ்எஸ் 396. என்ஜின் எல்34, கியர்பாக்ஸ் டர்போ 400, பின் அச்சு ஷெவர்லே 12-போல்ட், ரேஷியோ 3.31, டிஃபரென்ஷியல் ஓப்பன் (பிடிமானம் போனால் ஒரே சக்கரம் வீணாகச் சுழலும் வகை). டயர் 225/70 ஆர் 14. வாரத்தில் இரண்டு நாள் இன்டர்ஸ்டேட்டில் மணிக்கு 70 மைல் வேகத்தில் ஒரு மணி நேர ஓட்டம், மாதத்துக்கு ஒருமுறை டிராக் ஸ்ட்ரிப்பில் (நேர்கோட்டுப் பந்தயப் பாதை) கால் மைல். “எல்லாரும் 4.10 போடச் சொல்கிறார்கள். போட்டுவிடலாமா?”

இந்த கியர்பாக்ஸை வைத்துக்கொண்டு, இந்த ஓட்டத்துக்கு, 4.10 வேண்டாம். ஓவர்டிரைவ் (என்ஜின் சுற்றைக் குறைக்கும் கடைசி கியர்) உள்ள கியர்பாக்ஸ் போடும் திட்டம் இருந்தால் 3.73 போடுங்கள், அருமையாக இருக்கும். டர்போ 400-தான் தொடரும் என்றால் 3.31-ஐத் தொடாமல், அந்தப் பணத்தை லிமிடெட் ஸ்லிப்புக்கும் (இரண்டு பின் சக்கரமும் சேர்ந்து இழுக்கச் செய்யும் டிஃபரென்ஷியல்) நல்ல டார்க் கன்வெர்ட்டருக்கும் (என்ஜினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைப்பது) செலவழியுங்கள். காரணத்தை எண்களோடு சொல்கிறேன். கணக்கு எளிது. ஒருமுறை பிடிபட்டால் எந்த வண்டிக்கும் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

அச்சுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் பற்களை, அதைச் சுற்றும் சிறிய பல்சக்கரமான பினியனின் பற்களால் வகுத்தால் வருவதுதான் ரேஷியோ. 43-ஐ 13-ஆல் வகுத்தால் 3.31. 41-ஐ 11-ஆல் வகுத்தால் 3.73, 10-ஆல் வகுத்தால் 4.10. எண் பெரிதானால் சக்கரத்தில் இழுவை கூடும், அதே வேகத்துக்கு என்ஜின் அதிகம் சுற்றும். கடைகளில் “லோ கியர்”, “ஹை கியர்” என்று பேசும்போது எதைச் சொல்கிறார்கள் என்பதில் அடிக்கடி குழப்பம் வரும். எப்போதும் எண்ணையே சொல்லி வாங்குங்கள்.

அதற்கு முன்னால், உங்கள் அச்சில் இருப்பது 3.31-தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 50 வருடத்துக்கு மேல் ஆன வண்டி. இடையில் எத்தனை பேர் திறந்து மூடியிருப்பார்களோ. கியரை நியூட்ரலில் போட்டு, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியர்பாக்ஸிலிருந்து அச்சுக்குப் போகும் ப்ரொபெல்லர் ஷாஃப்டிலும் ஒரு டயரிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஓப்பன் டிஃபரென்ஷியலில் ஒரு சக்கரத்தை நகராமல் பிடித்துக்கொண்டு மற்றதை முழுதாக இரண்டு சுற்று சுற்ற வேண்டும். ஷாஃப்ட் எத்தனை சுற்று போகிறதோ அதுதான் ரேஷியோ. மூன்று சுற்று முடிந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக நின்றால் 3.31, நான்காவது சுற்றுக்குக் கால் பங்கு பாக்கி என்றால் 3.73. லிமிடெட் ஸ்லிப் இருந்தால் இரண்டு சக்கரமும் ஒரே பக்கம் சுற்றும். அப்போது ஒரு சுற்றே போதும். கவர் கழன்றிருந்தால் இன்னும் சுலபம்: கிரவுன் வீலின் விளிம்பில் இரண்டு பல் எண்ணிக்கைகளும் அடித்திருக்கும்.

இனி கணக்கு. மணிக்கு இத்தனை மைல் என்ற வேகத்தை ரேஷியோவால் பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயரின் விட்டத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் நேர் கியரில் (1.00) என்ஜினின் ஆர்பிஎம் கிடைக்கும். உங்கள் டயரின் விட்டம் 26.4 அங்குலம். 70 மைல் வேகத்தில்:

2.73 – 2,430
3.07 – 2,735
3.31 – 2,950
3.55 – 3,165
3.73 – 3,325
4.10 – 3,655

இதோடு முடியவில்லை. டர்போ 400-இல் லாக்-அப் (கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டும் வசதி) கிடையாது. சீராக ஓடும்போதும் கன்வெர்ட்டர் 3 முதல் 5 சதவீதம் வழுக்கும். வண்டியின் எடையில் டயர் அமுங்குவதால் உருளும் விட்டமும் எழுதியிருப்பதைவிட இரண்டு மூன்று சதவீதம் குறையும். இரண்டையும் சேர்த்தால் 4.10 போட்ட வண்டி 70-இல் கிட்டத்தட்ட 3,900-இல் ஓடும். டயரின் சரியான விட்டம் வேண்டுமென்றால், ஆளை வண்டியில் உட்கார வைத்து, டயரிலும் தரையிலும் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி, நகர்ந்த தூரத்தை அங்குலத்தில் அளந்து 3.1416-ஆல் வகுங்கள். ரேஷியோவில் இரண்டாவது தசமம் வரை வாதாடுகிறவர்கள் டயரை அளக்காமல் விடுவதுதான் ஆச்சரியம்.

3,900-இல் ஒரு மணி நேரம் ஓடினால் என்ஜின் உடைந்துவிடாது. எல்34-இன் ஸ்ட்ரோக் 3.76 அங்குலம், அந்தச் சுற்றில் பிஸ்டனின் வேகம் அதற்குப் பொருட்டே அல்ல. தாங்காதது ஓட்டுகிறவரின் காதும், எண்ணெயின் சூடும், பெட்ரோல் டேங்கும்தான். ஒரு மணி நேரம் அந்த முழக்கத்தில் உட்கார்ந்து எழுந்தால் அடுத்த வாரம் சாவியை எடுக்கவே தோன்றாது. ஓட்டாமல் நிற்கும் வண்டிக்கு எந்த ரேஷியோ இருந்தால் என்ன?

“அந்தக் காலத்தில் எல்லாரும் 4.10 போட்டு ஊர் சுற்றினார்கள்” என்பது பொய் அல்ல. ஆனால் 1974 முதல் அமெரிக்கா முழுவதும் வேக வரம்பு 55 மைல். 1987-இல் ஊருக்கு வெளியே உள்ள இன்டர்ஸ்டேட்களில் 65 ஆனது, 1995-இல் தேசிய வரம்பே நீங்கியது. 55-இல் 4.10 வண்டி உங்கள் டயரில் 2,870-இல்தான் ஓடும். இன்று உங்கள் 3.31 வண்டி 70-இல் ஓடுவதைவிடக் குறைவு. அந்த அறிவுரை அந்தச் சாலைக்குச் சரி. இன்று வண்டிகள் 75-இல் பறக்கும் பாதையில் அதே 4.10-க்கு 3,900, வழுக்கலுக்கு முன்பே. ஆகவே யாராவது ரேஷியோ சொன்னால், எந்த வேகத்துக்கு, எந்த டயருக்கு, எந்த கியர்பாக்ஸுக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

டயர் செய்யும் வேலையைக் கவனியுங்கள். பின்னால் 15 அங்குல வீலில் 275/60 போட்டால் விட்டம் 28 அங்குலம். 3.73-ஐ 26.4-ஆல் பெருக்கி 28-ஆல் வகுத்தால் 3.52. அதாவது 3.73 வாங்கிப் போட்டு, உயரமான டயரும் போட்டால், பழைய டயரில் 3.55 போட்டதுபோலத்தான். 4.10 இதே கணக்கில் 3.87 ஆகிறது. டயரை எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால் முதலில் டயரை முடிவு செய்துவிட்டு அப்புறம் கியரைத் தேடுங்கள். முறை மாறினால் கியருக்குக் கொடுத்த காசில் பாதியை டயர் தின்றுவிடும்.

இன்னொரு அளவுகோல்: மாற்றம் பத்து சதவீதத்துக்குக் குறைவென்றால் உட்கார்ந்த இடத்தில் பெரிதாகத் தெரியாது. 3.31-இலிருந்து 3.55 ஏழு சதவீதம்தான். அச்சைப் பிரித்து மாட்டும் கூலிக்கு அது கட்டுப்படி ஆகாது. 3.73 பன்னிரண்டரை சதவீதம், நன்றாகத் தெரியும். 4.10 இருபத்துநான்கு, வண்டியின் குணமே மாறும்.

அடுத்தது முதல் கியர். கியர்பாக்ஸின் முதல் கியரையும் பின் அச்சையும் பெருக்கினால் வண்டி கிளம்பும்போது கிடைக்கும் மொத்தப் பெருக்கம் வரும். டர்போ 400-இன் கியர்கள் 2.48, 1.48, 1.00. உங்களிடம் இப்போது இருப்பது 2.48 × 3.31 = 8.2. 3.73-இல் 9.25, 4.10-இல் 10.2. கிளட்ச் வண்டியில் 9-இலிருந்து 10 வரை இருந்தால் தெருவில் இதமாகக் கிளம்பும். ஆட்டோமேட்டிக்கில் கிளம்பும் நொடியில் கன்வெர்ட்டரே டார்க்கை இரண்டு மடங்கு வரை பெருக்கிக் கொடுப்பதால் 8 போதும். எல்34 ஆலை அறிவிப்பின்படி 350 குதிரைத்திறன், 3,400-இல் 415 பவுண்டு-அடி டார்க். பெயர் 396 என்றாலும் 1970-இல் உள்ளே இருப்பது 402 கன அங்குலம். இவ்வளவு டார்க் கீழேயே இருக்கும் என்ஜினுக்கு, ஒரே டயரில் பிடிக்கும் ஓப்பன் டிஃபரென்ஷியலோடு, 4.10 கொடுத்தால் புகைதான் வரும், வேகம் வராது. உங்கள் வண்டியின் குறை இழுவை அல்ல, பிடிமானம். லிமிடெட் ஸ்லிப்பை முதலில் சொன்னது இதனால்தான்.

கியர்பாக்ஸ் வேறு என்றால் விடையும் வேறு. மன்சி நான்கு-வேக கியர்பாக்ஸில் எம்20-க்கு முதல் கியர் 2.52, எம்21-க்கும் எம்22-க்கும் 2.20. எம்21-ஐ 3.31-உடன் சேர்த்தால் 7.3தான்; ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்ச்சை வழுக்க விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். அந்த வண்டிக்காரர் 3.73 கேட்டால் நியாயம். எம்20-க்கோ 3.31-இலேயே 8.3 கிடைக்கிறது, 3.55-இல் 8.9. ஒரே என்ஜின், ஒரே டயர், கியர்பாக்ஸின் உள்ளே இருக்கும் பல் மட்டும் வேறு. நண்பருக்குப் பொருந்தியது நமக்குப் பொருந்தாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டையும் மறக்கக் கூடாது. 0.050 அங்குல லிஃப்டில் அளந்த டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் அளவு) 215 டிகிரிக்குக் கீழ் இருந்தால் 2.73 முதல் 3.31 வரை எதிலும் என்ஜின் முனகாமல் இழுக்கும். 220-இலிருந்து 230 என்றால் 3.31 முதல் 3.73. 235-ஐத் தாண்டிய கேமுக்கு 3.73-க்கு மேல் இல்லாவிட்டால் கீழ்ச்சுற்றில் திணறும்; வண்டியே முன்னும் பின்னும் ஆடும். என்ஜினைக் கழற்றாத எல்34-இல் இருப்பது மிதமான ஹைட்ராலிக் கேம். அது 4.10 கேட்கவில்லை.

கன்வெர்ட்டரில் நடக்கும் தவறு இதற்கு நேர் எதிர். 3,000 ஸ்டால் (வண்டி நகராமல் நிற்கும்போது என்ஜின் எட்டக்கூடிய சுற்று) கன்வெர்ட்டரை வாங்கி 2.73 அச்சோடு ஓட்டினால், நெடுஞ்சாலையில் என்ஜின் ஸ்டாலுக்குக் கீழேயே 2,400-இல் நிற்கும். கன்வெர்ட்டர் இறுகாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும், அந்த வழுக்கல் எல்லாம் சூடாக மாறி கியர்பாக்ஸ் எண்ணெயைக் கருக்கும். ஓடும் சுற்று ஸ்டால் வேகத்துக்கு மேலே இருக்க வேண்டும். உங்கள் 3.31-க்கு ஏறக்குறைய 2,400 சுற்றில் ஸ்டால் ஆகும் நல்ல கன்வெர்ட்டர் தோதானது. ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஒரு ஆயில் கூலரும் வையுங்கள். சிக்னலில் கிளம்பும்போது கியர் மாற்றியதுபோலவே தெரியும், 70-இல் விலை கொடுக்க வேண்டியிருக்காது.

கால் மைலுக்கு மட்டும் என்றால் கணக்கைக் கடைசியிலிருந்து போட வேண்டும். எல்லைக் கோட்டைத் தாண்டும்போது என்ஜின், குதிரைத்திறன் உச்சத்தைச் சற்றே கடந்திருக்க வேண்டும். எல்34-க்கு அந்த உச்சம் 5,200. வண்டி 100 மைல் வேகத்தில் கோட்டைத் தாண்டுகிறது என்று வைத்துக்கொண்டு, 26.4 டயரில், வழுக்கலுக்கு 6 சதவீதம் சேர்த்தால் 3.31-இல் சுமார் 4,470, 3.73-இல் 5,030, 4.10-இல் 5,530. டிராக் ஸ்ட்ரிப்பில் 4.10 சொல்கிறவர்கள் தவறாகச் சொல்லவில்லை என்பது இதிலேயே தெரிகிறது. உங்கள் வண்டி மாதத்தில் ஒரு நாள் அங்கே போகிறது. மற்றபடி வாரம் இரண்டு நாள் இன்டர்ஸ்டேட்டில் ஓடுகிறது. வருடத்தில் எத்தனை மைல் எங்கே என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டும் வேண்டும் என்றால் வழி ஓவர்டிரைவ்தான். 200-4ஆர் கியர்பாக்ஸின் முதல் கியர் 2.74, கடைசி 0.67, கன்வெர்ட்டரில் லாக்-அப் உண்டு. 3.73 அச்சோடு முதல் கியரில் 10.2 கிடைக்கிறது, 4.10 போட்டு டர்போ 400-இல் கிளம்புவதற்குச் சமம். கடைசி கியரில் 3.73 × 0.67 = 2.50; 70-இல் சுமார் 2,230 சுற்று, வழுக்கல் இல்லாமல். கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் டர்போ 400-இன் இடத்திலேயே உட்காரும். ப்ரொபெல்லர் ஷாஃப்டின் யோக் மட்டும் மாறும்: டர்போ 400-க்கு 32 ஸ்ப்லைன், இதற்கு 27. இரண்டு எச்சரிக்கை. ஆலையிலிருந்து வந்தபடியே 415 பவுண்டு-அடியை இது தாங்காது. உள்ளே பலப்படுத்திக் கட்டியதாக வாங்க வேண்டும். கார்புரேட்டரிலிருந்து போகும் டி.வி. (த்ராட்டில் வால்வு) கேபிளைச் சரியாக வைக்காவிட்டால் உள் அழுத்தம் குறைந்து, சில மைல்களுக்குள்ளேயே கிளட்ச் தட்டுகள் எரிந்துவிடும். கேபிளை அமைத்து அழுத்தமானியில் பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

700ஆர்4-க்கு 3.06 முதல், 0.70 கடைசி. முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம்: 3.06-இலிருந்து நேராக 1.63. 3.73-உடன் முதல் கியர் 11.4 ஆகி, பிக் பிளாக்கில் (எல்34 போன்ற பெரிய வி8 என்ஜின்) கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். பிக் பிளாக்குக்கு இதைவிட 4எல்80இ மேல். டர்போ 400-இன் வாரிசு, அதே 2.48, 1.48, 1.00, கூடுதலாக 0.75. இதோடு 4.10 போட்டாலும் 70-இல் 2,740தான். 4.10 ஆசை விடவில்லை என்றால் நேர்மையான வழி இதுவே. ஆனால் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டும், குறுக்குச் சட்டத்தை நகர்த்த வேண்டும், ஷாஃப்டைப் புதிதாக அளந்து செய்ய வேண்டும்.

ஓவர்டிரைவில் மறுபக்கத் தவறும் உண்டு. 3.07 அச்சை அப்படியே வைத்து 0.70 ஓவர்டிரைவ் போட்டால் கடைசியில் 2.15, 70-இல் 1,900 சுற்று. கேம் சற்றுப் பெரிதாக இருந்தால் சின்ன ஏற்றத்தில்கூட என்ஜின் திணறும், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே ஊசலாடும். தெரு என்ஜினுக்கு அச்சையும் கடைசி கியரையும் பெருக்கி வரும் கணக்கு 2.4-க்கும் 2.8-க்கும் நடுவே விழும்படி பாருங்கள்.

கியர் வாங்குவதற்கு முன் 12-போல்ட்டில் கேரியரைப் பாருங்கள். கிரவுன் வீல் போல்ட் ஆகும் கேரியர் மூன்று தினுசு. 2.73-உம் அதற்குக் கீழும் ஒன்று, 3.07-இலிருந்து 3.73 வரை ஒன்று; அதற்கு மேல் 4.10 உள்ளிட்டவற்றுக்கு ஒன்று. பினியன் சிறிதாகும்போது கிரவுன் வீல் அதை நோக்கி நகர வேண்டியிருப்பதால் கேரியரின் முகம் இருக்கும் இடம் மாறுகிறது. உங்களிடம் 3.31 இருப்பதால் 3.73 வரை அதே கேரியரில் ஏறும். 4.10-க்கு கடைசித் தினுசுக் கேரியர், அல்லது இப்போதுள்ள நடுத் தினுசில் மாட்டுவதற்கென்றே கனமாகச் செய்த கிரவுன் வீல் வேண்டும். 2.73 வண்டிக்காரர் 3.31-க்குப் போனாலே கேரியர் செலவு உண்டு. ட்ரக் 12-போல்ட் கியர் விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்; கவரில் போல்ட் எண்ணிக்கை ஒன்றுதான், பினியன் ஷாஃப்டின் தடிமன் வேறு. கார் 12-போல்ட்டுக்கு 1.625 அங்குலம்.

அச்சைத் திறந்தால் ஒரே தடவையில் எல்லாம் முடிய வேண்டும். கூலியில் பெரும்பகுதி அளவு பிடித்து மாட்டுவதற்குத்தான். லிமிடெட் ஸ்லிப்பை ஆறு மாதம் கழித்துப் போட்டால் அதே கூலி மறுபடி. கேரியர் பேரிங் இரண்டு, பினியன் பேரிங் இரண்டு, பினியன் சீல், புது பினியன் நட், ஷிம் தொகுப்பு, கிரவுன் வீல் போல்ட்டுகள், இரண்டு ஆக்ஸில் சீல், இரண்டு ஆக்ஸில் பேரிங், எல்லாம் கையில் இருக்கட்டும். ஆக்ஸில் ஷாஃப்டை உருவும்போது, பேரிங் ஓடும் இடத்தில் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். 12-போல்ட்டில் ரோலர்கள் ஷாஃப்டின் மேலேயே நேராக ஓடுகின்றன. அங்கே பள்ளமோ செதிலோ தட்டுப்பட்டால் புது சீல் போட்டும் எண்ணெய் கசியும். அந்த ஷாஃப்ட் மாற வேண்டியதுதான்.

மாட்டுவதில் நான்கு அளவுகள்: பினியன் ஆழம், பினியன் ப்ரீலோட் (பேரிங்குக்கு முன்கூட்டியே கொடுக்கும் இறுக்கம்), பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே விடும் தளர்வு), கேரியர் பேரிங் ப்ரீலோட். இவற்றில் ஆழம்தான் தலை. பினியன் தலைக்கும் உள் பேரிங்குக்கும் நடுவே இருக்கும் ஷிம் என்ற மெல்லிய வளையத் தகடு அதைத் தீர்மானிக்கிறது. பழைய கியரோடு வந்த ஷிம்மின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து அதிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் பேரிங்கை அழுத்தி ஏற்றி இறக்கினால் கெட்டுப்போகும். பழைய பேரிங்கின் உள்துளையைச் சற்றுத் தேய்த்து, கையால் ஏறி இறங்கும் சோதனைப் பேரிங்காக வைத்துக்கொள்வது வழக்கம்.

சரியா என்று சொல்வது பல்லில் விழும் அச்சு. நான்கைந்து கிரவுன் பற்களில் மஞ்சள் மார்க்கிங் பேஸ்ட்டை மெல்லியதாகத் தடவி, கிரவுன் வீலை மரக்கட்டையால் அழுத்தி இழுவை கொடுத்துக்கொண்டே, பினியனை இரண்டு பக்கமும் சுற்றுங்கள். பேஸ்ட் விலகிய இடத்தில் இரும்பு பளிச்சென்று தெரியும். அந்த இடம் நீள்முட்டை வடிவில், பல்லின் உச்சிக்கும் அடிக்கும் நடுவே, இரண்டு ஓரத்திலும் மஞ்சள் மிச்சம் இருக்கும்படி விழுந்தால் ஆழம் சரி. உச்சி விளிம்பில் ஒதுங்கிக் கோடுபோல நின்றால் பினியன் தூரத்தில் இருக்கிறது, ஷிம்மைக் கூட்டுங்கள். அடியில் போய் ஒதுங்கினால் பினியன் மிக நெருக்கம், ஷிம்மைக் குறையுங்கள். முதலில் 0.005 அங்குலமாக மாற்றிப் பார்த்து, நெருங்கியதும் 0.002-ஆகச் சுருக்குங்கள். பல்லின் நீளவாக்கில் அச்சு சற்று இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருந்தால் பரவாயில்லை. உச்சி-அடி நடுவில் இருப்பதே முக்கியம்.

பினியன் ப்ரீலோட் புதுப் பேரிங்குக்கு 20 முதல் 25 இன்ச்-பவுண்டு. இன்ச்-பவுண்டில் காட்டும் டார்க் ரெஞ்சால், சுற்றிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். இரண்டு பினியன் பேரிங்குக்கும் நடுவே இருக்கும் க்ரஷ் ஸ்லீவ் (நசுங்கும் குழல்) நசுங்க ஆரம்பிக்கும்வரை நட் கல்லுபோல் இருக்கும். ஆரம்பித்தபின் கால் திருப்பில் அளவைத் தாண்டிவிடும். தாண்டினால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, நசுங்கிய ஸ்லீவ் திரும்ப நீளாது. புது ஸ்லீவ் போட்டு முதலிலிருந்து. டிராக் ஸ்ட்ரிப் போகும் வண்டிக்கு ஷிம் வைத்து அமைக்கும் கெட்டி ஸ்பேசர் நல்லது. பலமான கிளம்பல்களில் ஸ்லீவ் மேலும் நசுங்கி ப்ரீலோட் போய்விடும் அபாயம் அதில் இல்லை. பேக்லாஷ் 0.006-இலிருந்து 0.010 அங்குலம், கிரவுன் வீலின் நான்கு இடத்தில் பாருங்கள். இடத்துக்கு இடம் 0.002-க்கு மேல் மாறினால் கேரியர் முகத்தில் பிசிறோ அழுக்கோ இருக்கிறது. கியர் பெட்டியில் வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அந்தத் தாளே கணக்கு.

ஊளைச் சத்தம் வந்தால் “ஓட ஓடச் சரியாகிவிடும்” என்பார்கள். ஆகாது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதோ விடும்போதோ மட்டும் ஊளை வந்தால் பல்லில் விழும் அச்சு பிசகியிருக்கிறது. மறுபடி திறந்து பார்ப்பதுதான் வழி. கெட்டி எண்ணெய் ஊற்றினால் சத்தம் அடங்கும், தேய்மானம் அடங்காது.

புதுக் கியரை முதல் நாளே டிராக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். இந்த வகை (ஹைப்பாய்ட்) பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித்தான் ஓடும். புதிதாக இருக்கும்போது சூடு அதிகம், அந்தச் சூட்டில் எண்ணெய்ப் படலம் உடைந்தால் பல் அப்போதே போனது. முதலில் 15, 20 மைல் மெதுவாக ஓட்டி, அரைமணி நேரமாவது நன்றாக ஆறவிடுங்கள். இப்படி மூன்று நான்கு முறை. 500 மைல் வரை முழு மிதி வேண்டாம், எதையும் கட்டி இழுக்க வேண்டாம். 500-இல் எண்ணெயை மாற்றுங்கள். எண்ணெய் 80டபிள்யூ-90, ஜிஎல்-5, ஃபில்லர் துளையின் கீழ் விளிம்புவரை. ஈட்டன் மாதிரி கிளட்ச் தட்டு உள்ள லிமிடெட் ஸ்லிப் என்றால் 4 அவுன்ஸ் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபயரும் சேர வேண்டும். காலியான இடத்தில் எட்டு போட்டதுபோல் பத்துப் பதினைந்து சுற்று மெதுவாக ஓட்டினால் தட்டுகளில் எண்ணெய் ஏறும். திருப்பத்தில் கடகடவென்று அடித்தால் பெரும்பாலும் மாடிஃபயர் போதவில்லை. ட்ரூட்ராக் போன்ற பற்சக்கர வகைக்கு இது வேண்டியதில்லை.

கியர் மாற்றியபின் 60, 65-க்கு மேல் புதிதாக நடுக்கம் வந்தால் கியரைச் சந்தேகிப்பதற்கு முன் ப்ரொபெல்லர் ஷாஃப்டைப் பாருங்கள். 70-இல் 3.31-க்கு 2,950 சுற்று சுற்றிய ஷாஃப்ட் 3.73-இல் 3,325 சுற்றுகிறது. முன்பு தெரியாத பேலன்ஸ் குறையும் யு-ஜாயின்ட் தேய்மானமும் இப்போது வெளியே வரும். ஓவர்டிரைவ் என்ஜினைத்தான் இளைப்பாற விடும், ஷாஃப்டை அல்ல. ஷாஃப்டைக் கழற்றியிருக்கும்போதே பேலன்ஸ் பார்த்து, இரண்டு யு-ஜாயின்டையும் புதிதாகப் போடுவது மலிவு.

ஃபோர்டு 9 அங்குல அச்சுக்காரர்களுக்கு வாழ்க்கை இன்னும் சுலபம்: நடுப்பகுதி மொத்தமாக முன்பக்கம் கழன்று வரும், கேரியர் தினுசுத் தொல்லை இல்லை. தெருவுக்கு 3.25, டிராக்குக்கு 4.11 என்று இரண்டு நடுப்பகுதிகளைத் தயாராக வைத்து மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. 3.50 மாதிரி பல் எண்ணிக்கைகள் பொது வகுத்தியோடு வரும் கியர்களில் (35-உம் 10-உம்) பல்லில் குறி இருக்கும். அந்தக் குறிகள் ஒன்றோடொன்று சேரும்படி மாட்ட வேண்டும். மோப்பார் (கிரைஸ்லர்) 8¾ அங்குல அச்சும் அப்படியே நடுப்பகுதி கழல்வதுதான். அதில் 741, 742, 489 என்று மூன்று கேஸ், மூன்றுக்கும் பினியன் வேறு. கேஸின் எண்ணைப் பார்க்காமல் கியர் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஸ்பீடோமீட்டர். 3.31-இலிருந்து 3.73-க்குப் போனால் முள் பன்னிரண்டரை சதவீதம் கூடுதலாகக் காட்டும். 62-இல் போகும்போது 70 என்று நிற்கும். டர்போ 400-இன் வால் பகுதியில் கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் கியரின் பற்களை எண்ணி, 3.73-ஆல் பெருக்கி 3.31-ஆல் வகுங்கள். இப்போது 39 பல் என்றால் 44 வேண்டும். 40 பல்லும் அதற்கு மேலும் உள்ள கியர் உட்காரும் உறையும் வேறு. இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.